கடைசி வரிசைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை



முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது நடந்த ஒன்றை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்லியிருக்கிறார். தொப்பி அணிந்து முன்வரிசையில், கோயில் அர்ச்சகரின் மகன் ராமநாத சாஸ்திரியின் பக்கத்தில் அவர் உட்காருவது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியருக்கு அது பிடிக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பிவிட்டார். நண்பன் அழுதான். இருவரும் வீட்டில் போய்ச் சொன்னார்கள். ராமநாதனின் தந்தை லட்சுமண சாஸ்திரி ஆசிரியரை வரவழைத்து, பிள்ளைகள் முன்னிலையிலேயே கண்டித்தார். ஆசிரியர் தவறை உணர்ந்து திருந்தினார்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லத் தெரிந்தது. அங்கன்வாடிக்கும் எல்.கே.ஜி.க்கும் போகிற நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் நாம்தான் கவனிக்க வேண்டும்.

எதைக் கவனிப்பது?

• நன்றாகப் போய்வந்த பிள்ளை திடீரென்று போக மறுத்து அழுவது
• சாப்பாட்டைத் திறக்காமலே கொண்டுவருவது
• தொப்பி வேண்டாம், இந்தப் பெயர் வேண்டாம் என்பது
• பட்டப்பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது

இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். எனவே அவசரப்பட வேண்டாம். “டீச்சர் திட்டினாங்களா?” என்று கேட்டால் பிள்ளை பயந்து தலையாட்டிவிடும். “இன்னைக்கு யார் பக்கத்துல இருந்தே? யாரோட விளையாடினே?” என்று கேளுங்கள்.

என்ன செய்வது?

பிள்ளை சொன்னதைத் தேதியுடன் குறித்து வையுங்கள். முதலில் ஆசிரியரிடம் தனியாக, மரியாதையாகப் பேசுங்கள். பலன் இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடமோ, அங்கன்வாடி மேற்பார்வையாளரிடமோ எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது.

நம் பக்கம் என்ன?

ராமேஸ்வரத்தில் ஆசிரியரைக் கண்டித்தவர் ஒதுக்கப்பட்ட பிள்ளையின் வாப்பா அல்ல. முன்வரிசையிலேயே இருந்த பிள்ளையின் அப்பா. நம் பிள்ளைக்காக நாம் பேசுவது இயல்பு. வேலை தேடி வடக்கிலிருந்து வந்தவரின் பிள்ளையோ, பேச்சு சரியாக வராத பிள்ளையோ ஒதுக்கப்படும்போது நாம் பேசுகிறோமா? “கறுப்பி”, “இந்திக்காரன்” என்ற சொற்களைப் பிள்ளைகள் முதலில் கேட்பது பெரும்பாலும் வீட்டில்தான். பிறரைக் கேலி செய்வதையும் பட்டப்பெயரால் அழைப்பதையும் சூரா ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் நமக்குத் தடுத்திருக்கிறது.

இன்று இரவு, பிள்ளையைத் தூங்க வைக்கும் முன், பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேளுங்கள். யாருமே உட்காராத பிள்ளை யார் என்றும் கேளுங்கள்.

எல்லாப் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.