நினைவிழந்தவருக்காகக் கையெழுத்திடலாமா?



நம் தோழர் ஒருவரின் தகப்பனார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில், மூச்சுக் கருவியின் உதவியோடு கிடந்தார். டாக்டர் ஒரு தாளை நீட்டி, மருந்து ஆராய்ச்சியில் இவரையும் சேர்க்கலாமா என்று கேட்டார். “வாப்பாவை வைத்துப் பரீட்சை பார்ப்பதா?” என்று தோழர் கலங்கி நம்மிடம் வந்தார். அன்று நமக்கும் விடை தெரியவில்லை. பின்னர் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

ஆராய்ச்சி எதற்கு? தலையில் பலத்த அடிபட்டோருக்கு ஸ்டீராய்டு வகை மருந்து நல்லதென நம்பி, 30 ஆண்டுகளுக்கு மேல் கொடுத்து வந்தனர். 49 நாடுகளில் 10,008 பேரைச் சேர்த்த ஆராய்ச்சியின் முடிவு 2004-இல் வெளிவந்தது. இரு வாரத்திற்குள் மௌத்தானோர், மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 18 பேர்; பெற்றவர்களில் 21 பேர்! அதே வகையைச் சேர்ந்த டெக்ஸாமெதசோன், 2020-இல் பிரிட்டனில் கோவிட் நோயாளிகளிடம் ஆராயப்பட்டது. மூச்சுக் கருவியில் இருந்தோரில் 28 நாளுக்குள் இறந்தோர், மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 41, பெற்றவர்களில் 29. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கோ பலனில்லை. ஆகவே ஊகம் போதாது; நிறுத்துப் பார்க்கவே வேண்டும்.

குலுக்கல் ஏன்? யாருக்குப் புதுமருந்து என்பதை டாக்டரே தேர்ந்தால், தேறக்கூடியவர்களுக்கே அது போய்ச் சேரலாம். தராசின் தட்டுகள் சமமாயில்லாவிட்டால் நிறுவை பொய்யாகும் என்பதை வியாபாரிகளாகிய நாம் அறிவோம்.

சம்மதம் யாருடையது? நினைவுள்ளவர் தாமே சொல்வார். நினைவிழந்தவருக்காகச் சட்டம் அனுமதிக்கும் உறவினர் சொல்லலாம். அவர் சொல்ல வேண்டியது தம் விருப்பத்தையன்று. நோயாளி பேசினால் என்ன சொல்வாரோ அதை. இது ஓர் அமானத்.

கையெழுத்துக்கு முன் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. வழக்கமான சிகிச்சை தொடருமா?
2. தெரிந்த ஆபத்துகள் எவை?
3. ஒழுக்கநெறிக் குழு அனுமதித்திருக்கிறதா?
4. பின்னர் விலகலாமா?

மறுத்தாலும் விலகினாலும் சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது. 1964-இல் ஹெல்சிங்கியில் உலக வைத்தியச் சங்கம் வகுத்து, பின்னர் பலமுறை திருத்திய பிரகடனம் இதை வலியுறுத்துகிறது.

தோழர் அன்று கையெழுத்திடவில்லை. வாப்பாவின் விருப்பம் அவருக்குத் தெரியாது. அதில் குற்றமில்லை. நலமாயிருந்த நாளில் கேட்காமல் விட்டோமே என்பதே அவருடைய மனக்குறை. எனவே சகோதரர்களே, இன்றிரவு கடையடைத்து வீடு சென்றதும் பெற்றோரிடம் கேளுங்கள். உங்கள் விருப்பத்தையும் மக்களிடம் சொல்லி வையுங்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிபாவை அருள்வானாக! ஆமீன்.