இரண்டுக்கு நான்கு

நம் உழவர் குடும்பங்களில், பாட்டனார் விளைவித்த நெல்லின் பெயரைச் சொல்ல வல்லார் இன்று எத்துணைப் பேர்? திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய நெல் திருவிழாவைப் பற்றி நாம் அறிதல் நலம். நம்மாழ்வாரின் வழிநின்று அதனை நடத்தியவர், 2018இல் மறைந்த நெல் ஜெயராமன்.

அங்கே விதைக்கு விலை வைக்கவில்லை. உழவருக்கு இரண்டு கிலோ விதை தரப்பெறும். அறுவடைக்குப் பின் அவர் நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். வட்டி போலத் தோன்றினும் இது வட்டியன்று. திரும்பிய நான்கு கிலோ அடுத்த ஆண்டு வேறு இருவரிடம் செல்கிறது. ஒருவரில் தொடங்கி எவரும் தவறாதிருப்பின், ஐந்தாம் அறுவடையில் 32 உழவர்க்கு விதை சேரும். (பழைய கணக்காசிரியர் மனம், கூட்டிப் பார்க்காமல் விடுவதில்லை!) எவர் குதிரிலும் அது தங்குவதில்லை, தங்கவும் இயலாது. நெல்விதை சில ஆண்டுகளில் முளைப்புத்திறனை இழந்துவிடும். விதைத்தவரே அதனைக் காத்தவராவார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் முதலாக 150க்கும் மேற்பட்ட இரகங்கள் இங்ஙனம் மீண்டன.

விளைச்சல் குறைவு என்பர். உண்மையே. ஆயினும் உரச்செலவையும் மருந்துச்செலவையும் கழித்த பின்னரே ஒப்பிடுதல் முறை. பூச்சிக்கொல்லியால் மாயும் சிற்றுயிர்களை நாம் எக்கணக்கில் எழுதுவோம்?

ஒற்றை நாற்று நடவுக்கு ஏக்கருக்கு இரண்டு, மூன்று கிலோ விதையே போதும். வரும் சம்பாவில் நம் ஊர்தோறும் ஒருவரேனும் அரை ஏக்கர் ஒதுக்குவாரா?