காலடியில் ஒரு கணக்கு

சென்ற ஆண்டு என் அக்காவும் அத்தானும் மறுவிற்பனைச் சந்தையில் ஒரு நாலறை வீவக வீட்டை வாங்கினர். சாவி கைக்கு வந்த மறுநாளே புதுப்பிப்புக் குத்தகையாளர் வந்து, கூடத்து ஓடுகளைக் காலால் தட்டிப் பார்த்தார். "எல்லாத்தையும் உடைச்சிடலாம்" என்றார். ஓடுகளில் ஒன்றுகூட விரிசல் விட்டிருக்கவில்லை, நிறந்தான் பழையது. படுக்கையறைகளில் தேக்குப் பார்க்கே. அதன் மேற்பூச்சு மங்கியிருந்தது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்: எந்தத் தரை மலிவு? எந்தத் தரை சுற்றுச்சூழலுக்கு நல்லது? வாசகர்களில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் இதே கேள்வியோடு அமரப் போகிறவர்கள்தாம்.

ஒரு பொருள் மண்ணிலிருந்து எடுக்கப்படுவது தொடங்கிக் குப்பையாகும் வரை அதனால் ஏற்படும் பாதிப்புகளைக் கூட்டிப் பார்க்கும் முறையை வாழ்நாள் சுழற்சி மதிப்பீடு என்பர். 1997இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மரத்தரை, லினோலியம், வினைல் மூன்றையும் இம்முறையில் ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். மரத்தரையே மூன்றிலும் சிறந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆனால், முடிவைவிட அவர்கள் எடுத்துக்கொண்ட அலகுதான் நமக்கு முக்கியம். ஒரு சதுர மீட்டர் தரை என்று மட்டும் அவர்கள் கணக்கிடவில்லை; ஒரு சதுர மீட்டர் தரை, ஓராண்டுப் பயன்பாடு என்று கணக்கிட்டனர். தரை எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பது தெரியாமல் அதன் விலையைப் பேசமுடியாது என்பதே இதன் பொருள். சுவீடனின் காடு சுவீடனில் இருக்கிறது. நமக்கு மரம் கப்பலில் வரவேண்டும். ஆகவே அவர்களுடைய தரவரிசையை அப்படியே நாம் எடுத்துக்கொள்ள இயலாது. அலகை எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் ஓடு. போர்சலின் ஓட்டை ஏறக்குறைய 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடவேண்டும். சூளைக்கு எரிவாயு தேவை. ஓட்டின் அடியில் இடும் சாந்துக்குச் சிமெண்டு வேண்டும். சிமெண்டு ஆலை வெளியிடும் கரியமில வாயுவில் பாதிக்கும் மேல் எரிபொருளிலிருந்து வருவதன்று. சுண்ணாம்புக்கல் வெப்பத்தில் சிதையும்போது கல்லிலிருந்தே வெளிப்படுவது. ஓட்டின் எடையும் கொஞ்சமன்று. 10 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஓடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 23 கிலோ இருக்கும். 60 சதுர மீட்டர் பரப்பை உடைத்தால் ஓடு மட்டுமே 1,400 கிலோ அளவில் வரும், சாந்து தனி. சிங்கப்பூரில் கட்டட இடிபாடுகள் அனேகமாக முழுவதும் நசுக்கப்பட்டு மறுபயன்பாட்டுக்குப் போகின்றன என்பது உண்மைதான். ஆனால், ஓடு கற்பொடியாகத் திரும்பும். அதைச் சுட்ட எரிவாயு திரும்பாது.

வினைல் தரையை இன்று பலரும் விரும்புவதற்குக் காரணம் உண்டு. ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் பலகைகளைப் பழைய ஓட்டின் மேலேயே விரித்துவிடலாம். உடைக்கும் செலவில்லை, அண்டை வீட்டாரின் முணுமுணுப்பும் இல்லை. (மேலே மேலே அடுக்கிக்கொண்டே போகவும் முடியாது. அடிச்சாந்தும் சேர்த்துத் தரைப்பூச்சு 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது வீவக விதி.) சிக்கல் அதன் முடிவில்தான். வினைலின் மூலப்பொருளான பிவிசியின் எடையில் 57 விழுக்காடு குளோரின். நம் நாட்டில் பிளாஸ்டிக் கழிவில் பத்து விழுக்காடுகூட அண்மை ஆண்டுகளில் மறுசுழற்சிக்குப் போகவில்லை. மற்றவை எரியுலைக்கே போகின்றன. பிவிசி எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு எழுகிறது. அதைச் சுண்ணாம்பு கொண்டு அடக்கவேண்டும். எஞ்சும் சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகும். 1999இல் திறக்கப்பட்ட அந்நிரப்பிடம் 2035 வாக்கில் நிறைந்துவிடும் என எதிர்பார்க்கப்படுகிறது. 15 ஆண்டுகள் உழைக்கும் வினைலை இன்று போட்டால், அதைக் கழற்றும்போது சாம்பலை எங்கே கொட்டுவது என்பது அப்போதைய கேள்வியாக இருக்கும்.

மரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். மரம் தரையாக இருக்கும்வரை அது காற்றில் கலப்பதில்லை. ஆனால், எந்தக் காட்டிலிருந்து வெட்டப்பட்டது என்பதற்குச் சான்றிதழ் இல்லாத மரத்தை நல்ல மரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லேமினேட் மரம்போல் தோன்றினாலும் உள்ளே இருப்பது பசையிட்டு அழுத்திய மரநார்ப்பலகை. ஈரம் பட்டால் உப்பும், இழைத்துப் புதுப்பிக்கவும் முடியாது. சலவைக்கல் அழகுதான். எலுமிச்சையும் புளியும் புழங்கும் நம் சமையலறையில் அதைப் பதிப்பவர்களின் துணிச்சலைப் பாராட்டலாம். அமிலம் பட்ட இடம் அரித்து மங்கிவிடும்.

இனிப் பணக் கணக்கு. கீழ்வரும் விலைகள் கணக்கைக் காட்ட நானே வைத்துக்கொண்டவை. கடைக்குக் கடை மாறும். ஒரு சதுர அடிக்கு வினைல் 5 வெள்ளி, ஓடு 10 வெள்ளி, பார்க்கே 14 வெள்ளி என்க. ஓட்டை உடைத்து அகற்ற 3 வெள்ளி, பார்க்கேயை இழைத்து மெருகேற்ற 3 வெள்ளி. காலம் 60 ஆண்டு. வினைலை 15 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால், கழற்றும் கூலி நீங்கலாக, மொத்தம் 20 வெள்ளி. பார்க்கேயை 15 ஆண்டுக்கு ஒருமுறை இழைத்தால் 23 வெள்ளி. ஒருமுறை பதித்த ஓட்டை 60 ஆண்டும் வைத்துக்கொண்டால் 10 வெள்ளியோடு முடிந்தது. அதே ஓட்டை வண்ணம் அலுத்ததென்று 15 ஆண்டுக்கு ஒருமுறை உடைத்து மாற்றினால் 49 வெள்ளி. ஆண்டுக்கு 17 காசாக இருந்த தரை 82 காசாகிறது.

இந்த இரண்டு எண்களும் ஒரே ஓட்டைப் பற்றியவை என்பதைக் கவனிக்கவேண்டும். எந்தப் பொருள் சிறந்தது என்று நாங்கள் மேசையில் வாதிட்டது பாதி வீண். சூளை நெருப்பும் அப்படித்தான்: ஒருமுறை சுட்டு 60 ஆண்டு மிதிப்பதற்கும் நான்குமுறை சுடுவதற்கும் உள்ள வேறுபாடு, ஓட்டுக்கும் வினைலுக்கும் உள்ள வேறுபாட்டைவிடப் பெரியதாகிவிடலாம். நம் வீடுகளில் தரை தேய்ந்து சாவது குறைவு. வீடு கைமாறும்போது கொல்லப்படுவதே மிகுதி.

குத்தகையாளருக்கு இது பிடிக்கவில்லை. உடைப்பு இல்லாவிட்டால் மற்ற வேலைகளுக்குக் கழிவு தரமுடியாது என்றார். அத்தான் வேறொருவரைத் தேடினார். பார்க்கேயை இழைக்க மூன்று நாளானது. வீடெங்கும் மரத்தூள், பிறகு ஒரு வாரம் மெருகெண்ணெய் வாடை. நீர் கலந்த மெருகைக் கேட்டு வாங்கியிருந்தால் வாடை குறைந்திருக்கும் என்று பின்னர்தான் தெரிந்தது. கூடத்து ஓடுகள் அப்படியே இருக்கின்றன. அக்காவுக்கு அந்த நிறம் இன்னும் பிடிக்கவில்லை. நடுவில் ஒரு பெரிய விரிப்பைப் போட்டிருக்கிறார். மிச்சமான பணம் சமையலறை மின்கம்பிகளை மாற்றப் போதுமானதாக இருந்தது.