மல்டிஃபோகல் லென்ஸ்: சரி சொல்வதற்கு முன்

கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்ததும் பல வீடுகளில் ஒரு பேச்சு ஆரம்பிக்கும். "மல்டிஃபோகல் வச்சா கண்ணாடியே தேவைப்படாதாம்" என்பார் மகன். விலையைக் கேட்ட அப்பா, "எனக்கு எதுக்குப்பா அவ்ளோ செலவு?" என்பார். நகையை அடகு வைத்தாவது ‘நல்ல லென்ஸ்' வைத்துவிட வேண்டும் என்று வீடு முடிவு செய்யும். விலை கூடினால் பார்வையும் கூடும் என்ற கணக்கு இங்கே அப்படியே செல்லாது.

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் மங்கிப்போவதுதான் கண்புரை. அதை அகற்றிவிட்டுச் செயற்கை லென்ஸ் பொருத்துகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் பொருத்தப்படுவது மோனோஃபோகல். இது ஒரே தூரத்துக்கானது. பெரும்பாலும் தூரப்பார்வைக்கு வைப்பதால், பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும்.

மல்டிஃபோகல் லென்ஸ், கண்ணுக்குள் வரும் வெளிச்சத்தைப் பங்கு போடுகிறது. ஒரு பங்கு தூரத்துக்கு, இன்னொரு பங்கு கிட்டத்துக்கு. இரண்டு பிம்பங்களும் விழித்திரையில் ஒன்றாக விழ, வேண்டியதை எடுத்துக்கொள்ள மூளை பழகுகிறது. இதற்குச் சில வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். கண்ணாடித் தேவை நன்றாகவே குறையும். ஆனால் அறவே இருக்காது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பங்கு போட்டதற்கு ஒரு விலை உண்டு. மங்கலான வெளிச்சத்தில் தெளிவு கொஞ்சம் குறையலாம். இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரியலாம். பலருக்கு இது நாளடைவில் பழகிவிடும், சிலருக்குப் பழகாது. ராத்திரி லாரியோ ஆட்டோவோ ஓட்டிப் பிழைப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. கிளாக்கோமா, சர்க்கரை நோயால் விழித்திரை பாதிப்பு போன்றவை இருந்தால் மருத்துவர்கள் பொதுவாக இந்த லென்ஸைப் பரிந்துரைப்பதில்லை. பிடிக்கவில்லை என்று மாற்றுவதானால் இன்னொரு ஆபரேஷன், அதில் சிக்கலும் அதிகம்.

கண்ணில் வேறு நோய் இல்லாமல், பகலில் கிட்டமும் தூரமும் மாறி மாறிப் பார்க்கிற ஆசிரியர், கடைக்காரர் போன்றோருக்கு இது நன்றாகவே உதவும். கடன் வாங்கித்தான் வைக்க வேண்டும் என்றால் மட்டும் நிதானமாக யோசியுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மோனோஃபோகலைக் கிட்டப்பார்வைக்கும் வைக்கலாம். பூ கட்டுபவர், தையல்காரர் போன்றோருக்கு வேலை நேரத்தில் கண்ணாடி தேவைப்படாமல் போகலாம். தூரம் பார்க்க மட்டும் போட்டுக்கொள்வார்கள். லென்ஸ் பவரை முடிவு செய்யும் முன்பே உங்கள் தொழிலை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இலவசம் என்றால் மட்டம் என்ற நினைப்பும் வேண்டாம். 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், லென்ஸ் விலையைப் பெருமளவு குறைத்துப் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. விலை குறைந்தது உற்பத்தி முறையால், தரத்தை விட்டுக்கொடுத்து அல்ல.

தனியாரிடம் செய்வதாக இருந்தால், காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும், கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் மருத்துவ ஆலோசனை கேட்கலாம்.