கரைக்கு நாடா தள்ளியது யார்?

அன்புத் தம்பிக்கு,

உன் கதை கிடைத்தது. ஒரே மூச்சில் வாசித்தேன், பிறகு நிதானமாக இன்னொரு முறை. காஞ்சிபுரத்துத் தறிக்காரக் குடும்பம். அப்பா போன பிறகு வீட்டுக் குழித்தறியை விற்றுவிட்டுப் போகலாம் என்று சென்னையிலிருந்து வரும் மகன். விலை பேச வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆள். எட்டுப் பக்கம் நன்றாக ஓடி, மகன் தறிக்குழியில் இறங்கும் இடத்தில் கதை நின்றுவிட்டது. "மாசக்கணக்கா அங்கேயே நிக்குதுக்கா, எப்படி முடிக்கிறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்று எழுதியிருக்கிறாய்.

அதை மட்டும் நான் சொல்லப்போவதில்லை. வாசித்து முடித்ததுமே சில முடிவுகள் தோன்றத்தான் செய்தன. எல்லாம் நான் எழுதினால் வரக்கூடிய முடிவுகள். அவை உன் கதைக்கு உதவாது. ஆகவே வேறொன்று செய்தேன். தறிச் சத்தத்தில் வளர்ந்த ஒரு தோழியிடம், உன் பெயரைச் சொல்லாமல், கதையை வாயால் சொன்னேன். அவள் எழுதுகிறவள் அல்ல. முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "அப்பா நெய்ஞ்சது கோர்வைச் சேலைதானே? அப்ப கரைக்கு நாடா தள்ளினது யாரு?"

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைச் சேலையைப் பழைய முறைப்படி நெய்ய, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா மூன்று ஓட வேண்டும். நெய்கிறவர் தனியாகச் சமாளிக்க முடியாது. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, ஒரு கரைக்கான நாடாவை ஒவ்வொரு ஊடைக்கும் தள்ளிக்கொடுக்க வேண்டும். பல வீடுகளில் பிள்ளைகள்தான் அப்படி உட்கார்ந்தார்கள். உன் கதையில் மகன் பள்ளிக்கூடம் போகிறான், கல்லூரி போகிறான், வேலைக்குச் சென்னை போகிறான். அத்தனை வருஷமும் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார்? இரண்டாம் பக்கத்தில் ஓர் அக்கா காபி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போகிறாள். அவளுக்கு நீ கொடுத்திருப்பது ஒரு வரி. தறியை விற்கலாமா என்று கதைக்குள் யாருமே அவளைக் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

எட்டாம் பக்கத்துச் சிக்கலுக்கு வேர் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. பாதியில் நின்றுபோன கதைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலானவற்றில் இதே நிலைமைதான். நின்ற இடத்தையே முட்டிக்கொண்டிருப்போம். ஒரு ஆளைப் பற்றியோ, ஒரு தொழிலைப் பற்றியோ, ஒரு வீட்டின் பணக் கணக்கைப் பற்றியோ விசாரிக்காமல் தாண்டி வந்த இடம் ஒன்று பின்னால் கிடக்கும். எழுதியவன் கண்ணுக்கு அது படாது. அவன் மனதில் கதை முழுசாக இருப்பதால் தாளில் இருக்கும் ஓட்டை தெரிவதில்லை. அதனால்தான் இன்னொரு ஆள் வேண்டும்.

நண்பர்களிடம் காட்டினேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். அப்பாவை உயிரோடு வைத்துக் கடைசியில் சாகடிக்கலாம் என்றார் ஒருவர், தறி வாங்க வந்தவரை வில்லனாக்கலாம் என்றார் இன்னொருவர், மற்றவர்கள் 'அருமை' என்றார்கள். எல்லோரும் உன்மேல் அன்புள்ளவர்கள்தான், ஆனால் அன்பு இங்கே போதாது. எந்த வரியில் கவனம் சிதறியது, யாரைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள், எதை நம்ப முடியவில்லை என்று கேட்டு வாங்கு. தீர்வு சொல்ல வந்தால் நன்றி சொல்லிவிட்டு, எந்த இடத்தில் அது தேவைப்பட்டது என்று திருப்பிக் கேள். அந்த இடம்தான் உனக்கு வேண்டியது.

அடிக்கடி பிறரிடம் காட்டினால் உன் தனித்தன்மை போய்விடுமோ என்ற பயமும் உனக்கு இருக்கிறது. அது வேண்டாம். 1940களின் தொடக்கத்தில் எழுத்தாளர் கு.ப.ரா. கும்பகோணத்தில் இருந்தபோது அவரை நாடி வந்த இளைஞர்களில் தி. ஜானகிராமனும் எம்.வி. வெங்கட்ராமும் கரிச்சான் குஞ்சுவும் உண்டு. 1944இல் கு.ப.ரா. காலமானார். மற்ற மூவரும் பிற்பாடு எழுதிய 'மோகமுள்', 'காதுகள்', 'பசித்த மானிடம்' மூன்றையும் அடுத்தடுத்து வாசித்துப் பார். ஒன்றின் ஒரு பக்கத்தைக் கொண்டுபோய் இன்னொன்றில் வைக்க முடியாது. இடைசெவல்காரர்களான கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அப்படித்தான். ஒரே சின்னக் கிராமம், இளமையிலிருந்தே நட்பு. வெளியூரிலிருந்து அழகிரிசாமி எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரப்படுத்திப் புத்தகமாகவே கொண்டுவந்தார். எழுத்திலோ இரண்டு பேரும் இரண்டு வழி. நெருங்கிய துணை யாருடைய குரலையும் அழித்ததாக எனக்குத் தெரியவில்லை. எவருக்கும் காட்டாமல் எழுதுகிறவர்கள்தான் சீக்கிரம் தங்களையே நகலெடுக்கத் தொடங்குகிறார்கள்.

குறை சொல்வதற்கும் ஒரு முறை உண்டு. கார்க்கி இளைஞராக இருந்தபோது தன் புத்தகங்களைச் செகாவுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். செகாவ் முதலில் அவருடைய திறமையைச் சந்தேகமில்லாமல் ஒப்புக்கொண்டார். பிறகு 1899இல் எழுதிய கடிதமொன்றில், பெயருக்கும் வினைக்கும் சேர்க்கும் அடைமொழிகளை வெட்டச் சொன்னார். ஒருவன் புல்லில் உட்கார்ந்தான் என்பது எளிதில் பிடிபடும், அவனுக்கும் புல்லுக்கும் வரிசையாக அடைமொழி சேர்த்தால் மூளை திணறும் என்று எடுத்துக்காட்டோடு விளக்கினார். பேனாவை எடுத்து அன்றே செய்துபார்க்கக்கூடிய யோசனை அது. 'உன் நடையில் ஆழம் போதாது' என்கிற மாதிரி விமர்சனத்தை வைத்துக்கொண்டு யாரும் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது.

கேட்டுக்கொள்வதற்கும் பயிற்சி வேண்டும். அமெரிக்காவின் மில்ஃபோர்ட் என்ற சிற்றூரில் 1956இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடத் தொடங்கினார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கதையைப் பற்றிப் பேசுவார்கள், எல்லோரும் முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. அந்த ஏற்பாடுதான் 1968இல் தொடங்கிய கிளாரியன் பட்டறைக்கும் போனது. நம் கூட்டங்களில் முதல் ஆள் பேசி முடிப்பதற்குள் "நான் அதுல என்ன சொல்ல வந்தேன்னா" என்று ஆரம்பித்துவிடுகிறோம். சொல்ல வந்தது கதையில் இருந்தால் அவர் ஏன் கேட்கப்போகிறார்? குறித்துக்கொண்டு பேசாமல் இரு. இரண்டு நாள் கழித்தும் உறுத்துவது எதுவோ அதற்கு மட்டும் கதையில் இடம் கொடு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உன் கதையை எத்தனை பேர் வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயோ, அத்தனை பேர் கதையை நீயும் அதே கவனத்தோடு வாசி. உங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்கள் நிச்சயம் இருப்பார்கள், தேடிப் பிடி. இரண்டு பேர் போதும். மாதம் ஒருமுறை கூடி, கைப்பிரதியை உரக்க வாசியுங்கள். கதையில் வரும் அந்த அக்காவிடம் பேசிவிட்டு மீதிக் கதையை எழுது. முதலில் அந்த இரண்டு பேருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, அப்புறம் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா