சுழியோடும் முன் கணக்குப் போடுங்கள்
திருகோணமலையில் முருகைக்கல் கண்காணிப்பு வேலைக்கு வர விரும்புவோருக்கு

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது புறாத்தீவு. ஊரார் அதைப் புறாமலை என்பார்கள். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம். 1998இல் கடல் சூடேறி ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கத்து பார் ரீஃபிலும் முருகைக்கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தபோது, திருகோணமலைக் கடல் பெரும்பாலும் தப்பியது. அடுத்த முறையும் தப்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது.

இங்கே கடலுக்குள் தெளிவாகப் பார்க்கக்கூடிய காலம் குறைவு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் படகு இறங்காது. படகு, எரிபொருள், காற்றுக்கலன் எல்லாமே செலவு. ஆகவே எங்கே, எப்போது இறங்குவது என்று முன்கூட்டியே சொல்லும் சூழலியல் மாதிரியுருவைக் கட்டத் தெரிந்தவர்தான் இந்தத் துறைக்குத் தேவை.

1. எப்போது இறங்குவது?

வெப்ப அழுத்தக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். அமெரிக்காவின் நோவா நிறுவனம் செய்மதித் தரவை 5 கிலோமீற்றர் கட்டங்களாக இலவசமாகத் தருகிறது. ஓர் இடத்தின் மிகச் சூடான மாதத்துக்கு வழக்கமான சராசரியைவிடக் குறைந்தது 1 பாகை கூடிய சூடு மட்டும் கணக்கில் சேரும். 2 பாகை கூடுதலாக 2 வாரம் நீடித்தால், 4 பாகை-வாரம். கடந்த 12 வாரங்களின் கூட்டுத்தொகை 4ஐத் தொட்டால் வெளிறலை எதிர்பார்க்கலாம். 8ஐத் தாண்டினால் பெரும் அழிவை அஞ்ச வேண்டும். 4ஐ நெருங்கும்போதே படகுக்குச் சொல்லிவிடுங்கள். வெளிறிய முருகைக்கல் இறந்த முருகைக்கல் அல்ல. சூடு தணிந்தால் மீளக்கூடும். அதனால் சூட்டுக்கு முன், சூட்டின்போது, சில மாதம் கழித்து என்று மூன்று பதிவுகளும் வேண்டும்.

2. எங்கே இறங்குவது?

ஆழம், வெப்பநிலை, அலையின் வேகம், நீரின் கலங்கல், ஆற்றுமுகத்திலிருந்து தூரம், உல்லாசப் பயணிகள் இறங்கும் இடம்: இவற்றை வரைபட அடுக்குகளாக்குங்கள். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மழைக்காலத்தில் அது கொண்டுவரும் வண்டலைக் கணக்கில் சேர்க்காத மாதிரியுரு இந்த மாவட்டத்துக்கு உதவாது. மீனவர்களிடம் பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே, வலை எங்கே சிக்கும் என்று கேட்டு அதையும் ஓர் அடுக்காக்குங்கள்.

புதியவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. படகுகள் வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து மட்டும் தரவு சேர்த்தால், அங்கேதான் முருகைக்கல் வளரும் என்று மாதிரியுரு நம்பிவிடும். ‘இங்கே இல்லை’ என்ற பதிவுக்கும் அதே மதிப்புண்டு. சுழியோடும் நாட்களை மூன்றாகப் பிரியுங்கள்: ஆண்டுதோறும் மாறாத நிலையான இடங்கள், மாதிரியுரு உறுதியாகச் சொல்லத் தடுமாறும் இடங்கள், குலுக்கலில் விழுந்த இடங்கள்.

3. கணிப்பை முதலில் எழுதுங்கள்

இறங்கும் முன், ஒவ்வோர் இடத்திலும் எத்தனை வீதம் உயிர்முருகை இருக்கும் என்ற கணிப்பைத் தேதியிட்டு வையுங்கள். மேலே வந்ததும் ஒப்பிடுங்கள். கணிப்பு எங்கே பிழைத்ததோ அங்கேதான் புதிய செய்தி இருக்கிறது. சூட்டைக் காரணமாக எதிர்பார்த்த இடத்தில் முட்கிரீட நட்சத்திரமீன் தின்ற தடம் இருக்கலாம். இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும். கிட்டப் போய்ப் பாருங்கள்: வெளிறியதில் தசை மிஞ்சியிருக்கும், தின்றதில் வெறும் சுண்ணாம்புக்கூடுதான் இருக்கும்.

4. உங்களை எப்படித் தயார்செய்வது?

புள்ளிவிபரவியல் முதன்மை. ஆர் மொழியும் கியூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். எளிய பின்னடைவுப் பகுப்பாய்வை நன்றாகச் செய்யத் தெரிந்த பிறகே சிக்கலான முறைகளுக்குப் போங்கள். அடுத்தது சுழியோடிச் சான்றிதழும், முருகைக்கல் பேரினங்களை நீருக்குள் அடையாளம் காணும் பழக்கமும். மூன்றாவது, இரண்டு பக்கத்தில் தெளிவாக அறிக்கை எழுதும் திறமை. அதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் விளக்க முடிந்தால் உங்கள் மதிப்பு கூடும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம், 1981இல் தொடங்கிய நீரியல்வள ஆய்வு நிறுவனமான நாரா, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை ஆகியவற்றைக் கவனித்து வாருங்கள். பூங்காவுக்குள் ஆய்வு செய்யத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அது வர நேரமெடுக்கும் என்பதால் வாடை ஓயும் முன்பே விண்ணப்பியுங்கள்.

வேலை கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். நிலாவெளிக் கடலின் வெப்பத் தரவை இன்றே பதிவிறக்கி, வாரந்தோறும் ஒரு வரைபடம் போடுங்கள். ஒரு பருவம் முழுவதும் ஒழுங்காகப் பேணிய அந்தப் பதிவேடு நேர்முகத் தேர்வில் உங்களுக்காகப் பேசும். எங்கள் கடலுக்கும் அப்படியொரு பதிவேடு அவசரமாகத் தேவை.