அலுவலகக் கணிப்பொறிகளில் கோப்புறைப் பகிர்வு

கூட்டுறவு சங்கத்தின் கணக்கு ஒருவருடைய பெட்டிக்குள் அடங்கிக் கிடத்தலாகாது என்பது அங்கத்தினர் யாவரும் அறிந்ததே. பேரேடு மேசைமீது இருந்த காலத்தில் எழுத்தரும் செயலாளரும் அதனை மாறி மாறிப் பார்த்தனர். இப்பொழுது அது கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் 63,000-ஐக் கணினிமயமாக்கும் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. அச்சங்கங்களின் கடன் கணக்குகள் பொது மென்பொருளில் ஏறுகின்றன. ஆயினும் கடிதங்கள், கூட்ட நிகழ்ச்சி நிரல், நெசவாளர் சங்கமாயின் நூல் இருப்புப் பட்டியல் போன்றவை பெரும்பாலும் அவரவர் கணிப்பொறியிலேயே தங்குகின்றன.

நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில் இருப்பு எழுத்தர் தம் பட்டியலைப் பென் டிரைவில் எடுத்துக் கூலிக் கணக்கரிடம் கொடுத்திருந்தார். இரண்டு நாள் கழித்துத் தம் பட்டியலைத் திருத்தினார். கொடுத்த பிரதி திருந்தவில்லை. ஓர் அங்கத்தினர் திருப்பிக் கொடுத்த நூற்சிட்டங்கள் அவர் பேரில் நிலுவையாகவே நின்று, கூலியில் பிடித்தம் செய்யப்பட்டது. அவர் முறையிட்டபோதெல்லாம், "கணிப்பொறி அப்படித்தான் காட்டுகிறது" என்பதே விடை. கணிப்பொறி என் செய்யும்! ஒரு பட்டியல் இரண்டானதே பிழை.

பட்டியல் எழுத்தருடைய கணிப்பொறியிலேயே இருக்க, மற்றவர் தத்தம் மேசையிலிருந்து வலைப்பின்னல் வழியே அதனைப் பார்க்கச் செய்யலாம். நமது விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்காரர், வாங்க வந்தவருக்குச் சரக்கறையைத் திறந்து காட்டுவார், சாவிக்கொத்தைக் கொடுத்துவிடமாட்டார். கோப்புறைப் பகிர்வும் அத்தகையதே.

திறந்து வைக்கும் உரிமை யாருக்கு? கணிப்பொறி நிர்வாகி ஒருவருக்கே எனில், அவர் வரும் நாள்வரை வேலை நிற்கும். நிர்வாகியின் கடவுச்சொல்லை எல்லாருக்கும் கொடுத்தாலோ, எவரும் எதனையும் திறந்துவிடுவர். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி உண்டு. லினக்ஸ் முறையில் இயங்கும் கணிப்பொறிகளில் (சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் இவ்வகையது) சாம்பா என்னும் மென்பொருள் இதற்குப் பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பார் தொடங்கிய ஆக்கம் அது. விண்டோஸ் கணிப்பொறிகளோடும் உரையாட வல்லது. பெயரைக் கேட்ட எழுத்தர் ஒருவர், சம்பா நெல்லோ என்று வினவினார்!

இதில் நிர்வாகி ஒரு குழுவை அமைத்துப் பெயர்களைச் சேர்க்கிறார். அக்குழுவினர் மட்டும், நிர்வாகியின் உதவியின்றியே, கோப்புறையைப் பகிரலாம். அதுவும் தமக்கு உடைமையான கோப்புறையாக இருத்தல் வேண்டும். மொத்தம் எத்தனை பகிர்வுகள் என்ற உச்சவரம்பும் உண்டு. அதனைச் சுழியமாக வைத்தால் ஒருவருக்கும் உரிமையில்லை. கடவுச்சொல் இல்லாத விருந்தினரை அனுமதிப்பதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். சங்கத்திற்கு அது வேண்டாமென்பது என் கருத்து.

பார்க்க மட்டும் ஒருவருக்கு, எழுதவும் மற்றொருவருக்கு என உரிமையைப் பிரித்தளிக்கலாம். இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். பகிர்வில் எழுத இசைவளித்தாலும், அக்கோப்பின் சொந்த அனுமதி தடுத்தால் எழுத இயலாது. இரண்டில் கடுமையானதே செல்லும். நூல் இருப்பை இருப்பு எழுத்தர் எழுதட்டும். கூலிக் கணக்கரும் செயலாளரும் பார்க்கட்டும்.

குறைகளும் உள. எழுத்தர் விடுப்பில் சென்று அவர் கணிப்பொறி அணைந்திருந்தால் பட்டியலும் கிட்டாது. ஆதலின் நாள்தோறும் இன்றியமையாத பதிவேடுகளை எப்பொழுதும் இயங்கும் ஒரு கணிப்பொறியில் வைத்தலே நலம். மேலும், பகிர்வு என்பது காப்புப் பிரதி ஆகாது. எழுதும் உரிமையுள்ளவர் கைதவறி அழித்தால் எல்லாருக்கும் அழிந்தது.

2017 மே 12-ஆம் நாள் பரவத் தொடங்கிய வானாகிரை என்னும் தீநிரல், விண்டோஸின் பழைய பகிர்வு முறையிலிருந்த ஓட்டை வழியாகவே கணிப்பொறிக்குக் கணிப்பொறி தாவிச் சுமார் 150 நாடுகளைத் தாக்கியது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தமோ மார்ச் மாதத்திலேயே வெளியாகியிருந்தது! எனவே திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுக. பழைய பகிர்வு முறையை நிறுத்திவைக்க. பகிர்ந்த கோப்புறை அலுவலகத்திற்கு வெளியே இணையத்தில் தெரியாதவாறு பார்த்துக்கொள்க.

குழுவில் எவரெவர் உள்ளனர் என்பதை நிர்வாகக் குழுத் தீர்மானத்தில் எழுதிவைத்தல் வேண்டும். மாற்றலாகிச் சென்றவரின் பெயரை அன்றே நீக்குதல் வேண்டும். ஆய்வில் நான் முதலில் கேட்பது இப்பட்டியலையே; அங்கத்தினரும் கேட்கலாம்.

மேற்சொன்ன சங்கத்தில் பிடித்த தொகை அடுத்த கூலியோடு அந்த நெசவாளருக்குத் திருப்பித் தரப்பட்டது. இருப்புப் பட்டியல் இப்பொழுது அங்கே ஒன்றுதான்.